சேற்றில் நின்ற மாப்பிள்ளை

ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காலை எட்டு மணி. மலேசியாவில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலோக் ஆயேர் தாவார் கடற்கரை. சேகர் முக்காலியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் மாமியார் பாக்கியம், மடியில் வடைப் பொட்டலம். வீட்டில் தனியாக இருக்க வேண்டாமே என்று தான்தான் அழைத்து வந்ததாக சேகர் சொல்கிறார். யாரும் அழைக்கவில்லை, நானாகத்தான் காரில் ஏறினேன் என்பது பாக்கியத்தின் தரப்பு.

பாக்கியம்: மாப்பிள்ளை, இந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம்?

சேகர்: நல்ல தண்ணீர் விரிகுடா, அத்தை.

பாக்கியம்: சரி. தண்ணீர் எங்கே?

சேகர்: அதோ, தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதே.

பாக்கியம்: அதுவரைக்கும் சேறுதானா?

சேகர்: கடல் வற்றியிருக்கிறது. ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்க்கப் போய், இறக்கத்தின் நேரத்தைப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அட்டவணையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

பாக்கியம்: சம்பளத் தேதியும் கார்க் கடன் தேதியும்கூட பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். பறவைகள் எங்கே?

சேகர்: அந்தக் கோட்டின் ஓரத்தில், கறுப்பாகப் பொடிப்பொடியாக.

பாக்கியம்: மிளகு மாதிரியா?

சேகர்: அதேதான். ஒவ்வொரு மிளகும் ஒரு பறவை. இங்கிருந்து பெனாகா, கோலா மூடா வரை இந்தச் சேறுதான் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் சைபீரியா, அலாஸ்கா என்று போகிற பறவைகளுக்கு ஒரு பெரும்பாதை இருக்கிறது. நாம் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

பாக்கியம்: இந்தக் குழாய் எவ்வளவு என்று சொன்னீர்கள்?

சேகர்: எண்ணூறு வெள்ளி.

பாக்கியம்: எண்ணூறு. அன்றைக்குப் பெட்டி வந்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கியது நான்தான். நல்ல கனம். எண்ணூறு வெள்ளிக்கு இவ்வளவு கனமா என்று நினைத்தேன்.

(சேகர் லென்ஸைத் துடைக்கிறார். லென்ஸ் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது.)

சேகர்: அத்தை, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். பறவை மிரண்டுவிடும்.

பாக்கியம்: மிளகுக்குக் காது கேட்குமா? மெதுவாகப் பேசுவதென்றால் ஆற்றைத் தாண்டி கோத்தா கோலா மூடாவுக்கல்லவா போயிருக்க வேண்டும்? அங்கே பாசார் பீசிக்கில் மீன் ஏலமே குசுகுசுவென்றுதான் நடக்கும். வாங்குகிறவன் விலையை மீன்காரன் காதில் சொல்வான். அடுத்தவனுக்குத் தெரியாது. போகும்போது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். நண்டு வாங்கி நாளாகிறது.

சேகர்: பார்க்கலாம், பார்க்கலாம். அட, அங்கே பாருங்கள், மேலே!

(பாக்கியம் எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.)

சேகர்: செம்பருந்து. எண்ணிக்கை ஒன்று.

பாக்கியம்: கருடன் என்று சொல்லுங்கள். பெருமாள் வாகனத்தை எண்ணிக்கை ஒன்று என்று எழுதலாமா? அதோ மூன்று காக்கை. அதை எழுதவில்லையே?

சேகர்: காக்கையை யார் எழுதுவார்கள்? அது இந்த ஊர்ப் பறவையே இல்லை. 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்தில் புழு தொல்லை தாங்கவில்லை என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள்.

பாக்கியம்: காப்பித் தோட்டத்து வேலைக்கா?

சேகர்: ஆமாம்.

பாக்கியம்: கப்பலிலா?

சேகர்: கப்பலில்தான்.

பாக்கியம்: பாவம், அதுவும் நம் கதைதான். அதற்கு மட்டும் யாரும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசி அட்டை கொடுக்கவில்லை. எழுதுங்கள், மூன்று.

(சேகர் எழுதுகிறார். எதிர்த்துப் பேசுவதைவிட எழுதுவது சுலபம் என்பது பதினான்கு வருடத் திருமண அனுபவம்.)

சேகர்: இப்போது கண்ணை வைத்துப் பாருங்கள். நீண்ட மூக்கு, நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பட்டைவால் மூக்கன். 2022இல் அலாஸ்காவில் கிளம்பிய ஒன்று டாஸ்மேனியாவில் போய்த்தான் இறங்கியது. 11 நாள், 13,560 கிலோமீட்டர். நடுவில் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, ஓய்வு இல்லை.

பாக்கியம்: உங்கள் மாமனாரோடு கோலாலம்பூருக்குக் காரில் போனால் சுங்கை பேராக்கில் ஒரு தடவை, தாப்பாவில் ஒரு தடவை நிறுத்த வேண்டும். அதற்கு வயிறு என்று ஒன்று இல்லையா?

சேகர்: நல்ல கேள்வி. கிளம்புவதற்கு முன் தின்று தின்று உடம்பில் பாதியைக் கொழுப்பாக்கிக்கொள்ளும். அப்புறம் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடும். பறக்கும்போது தேவையில்லாத பாரம் எதற்கு?

பாக்கியம்: நீங்கள் முதல் பாதியை நன்றாகச் செய்கிறீர்கள். வடை எடுத்துக்கொள்ளுங்கள்.

சேகர்: அந்தப் பறவைக்கு அப்போது வயது ஐந்து மாதம் என்றால் நம்புவீர்களா?

பாக்கியம்: ஐந்து மாதக் குழந்தையைத் தனியாகவா அனுப்பினார்கள்? பெற்றவள் எங்கே?

சேகர்: பெரியவர்கள் முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள்.

பாக்கியம்: இதைப் போய்ப் பெருமையாகச் சொல்கிறீர்கள். சரி, இந்தச் சின்னது ஏன் செங்கல் நிறத்தில் இருக்கிறது? பக்கத்தில் இருப்பது வெளுத்துப் போயிருக்கிறதே?

சேகர்: இரண்டும் ஒரே ஜாதிதான், வளைமூக்கு உள்ளான். இங்கே இருக்கும் வரை சாயம் போன சாம்பல் நிறம். வடக்கே ஜோடி தேடப் போகும் நேரம் வந்தால் சிவப்பாகிவிடும். இது சீக்கிரம் உடை மாற்றிவிட்டது, அது இன்னும் மாற்றவில்லை. அதனால்தான் ஏப்ரலில் வருகிறோம்.

பாக்கியம்: வீட்டில் கைலி, கல்யாண வீட்டுக்குப் பட்டு. புரிகிறது. நீங்கள் தேடி வந்தது இதுதானா?

சேகர்: இல்லை, அத்தை. நான் தேடுவது நோர்ட்மன் பச்சைக்காலி. உலகம் முழுக்க எண்ணினாலும் சுமார் இரண்டாயிரம்தான் இருக்கும். ரஷ்யாவின் கிழக்கு மூலையில் குஞ்சு பொரிக்கிறது. சொந்தக்காரர்களில் பெரும்பாலானவை தரையில் முட்டையிட, இது மரத்தின் மேலும் கூடு கட்டும். இந்தக் கரையில் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆறு வருடமாக நான் வருகிறேன், என் கண்ணில் படவில்லை.

பாக்கியம்: எப்படித்தான் இருக்கும்?

சேகர்: சாதாரணப் பச்சைக்காலி மாதிரியேதான். ஆனால் மூக்கு தடிமன், கால் குட்டை, காலில் மஞ்சள் கூடுதல். காலை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

பாக்கியம்: எல்லாமே முழங்கால் வரை சேற்றில் நிற்கின்றனவே?

சேகர்: ...அதுதான் பிரச்சினை.

பாக்கியம்: என் பெண்ணைப் பார்க்க வந்தபோது ஐந்தே நிமிடத்தில் சரி என்றீர்கள். ஒரு குருவிக்கு ஆறு வருடம்.

சேகர்: நான் இன்னும் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்கிறேன்.

பாக்கியம்: வேண்டாம். தண்ணீர் ஏறும்போது அதுவே எல்லாவற்றையும் இங்கே தள்ளிக்கொண்டு வரும். உட்காருங்கள்.

சேகர்: பத்தே அடி.

(எட்டாவது அடியில் இடது கால் முழங்கால் வரை உள்ளே போகிறது. ஒன்பதாவது அடி இல்லை. வலது காலையும் சேறு வாங்கிக்கொள்கிறது. ஸ்லிப்பர் எங்கோ ஆழத்தில். சேகர் எப்படியோ கரையைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார். கைகள் பரத நாட்டியம் போல இரண்டு பக்கமும் நீண்டிருக்கின்றன. முக்கால் மணி நேரம் போகிறது. அதில் பேசிய பேச்சுகள் இங்கே அவசியமில்லை. தண்ணீர் ஏறத் தொடங்குகிறது.)

பாக்கியம்: மாப்பிள்ளை, அசையாதீர்கள்.

சேகர்: அசைய முடிந்தால்தானே!

பாக்கியம்: உங்களுக்குப் பின்னால் முழுக்கப் பறவை. நூறு, இருநூறு இருக்கும். உங்களைக் கம்பம் என்று நினைத்துவிட்டன போல. இருங்கள், குழாயில் பார்க்கிறேன்.

சேகர்: வட்டத்தை இடது பக்கம் திருப்புங்கள்! தெளிவாகத் தெரியும்!

பாக்கியம்: மெதுவாகப் பேசுங்கள், பறவை மிரண்டுவிடும். ம்... இதோ ஒன்று தனியாக ஓடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு, பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி. நண்டைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு காலாக உதறிப்போட்டுத் தின்கிறது. சமர்த்து.

சேகர்: மூக்கு? மூக்கு எப்படி?

பாக்கியம்: தடிமன். அடிப்பக்கம் ஒரு நிறம், நுனி கறுப்பு. நெஞ்சில் மசாலா தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளி.

சேகர்: ஐயோ... கால்? அத்தை, காலைப் பாருங்கள்!

பாக்கியம்: மேட்டில் ஏறுகிறது. இதோ, கால் முழுசாகத் தெரிகிறது.

(ஆறு வருடக் காத்திருப்பு சேகரின் இடுப்பில் வந்து உட்கார்கிறது. திரும்புகிறார். சேறு 'பொளக்' என்று காலை விடுகிறது. இருநூறு பறவைகளும் ஒரே துணியாக எழுந்து, ஒரு தரம் வெள்ளையாகவும் ஒரு தரம் பழுப்பாகவும் மடிந்து, கோலா மூடா பக்கம் போய்விடுகின்றன. சேகர் தவழ்ந்து கரையேறுகிறார்.)

சேகர்: அத்தை. கால் என்ன நிறம்?

பாக்கியம்: முதலில் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் காலை வைத்தே உங்களை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

சேகர்: மஞ்சளா, பச்சையா? ஒரே வார்த்தை. நீங்கள் நிஜமாகவே பார்த்தீர்களா, இல்லை நான் காலையிலிருந்து சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறீர்களா?

பாக்கியம்: நெஞ்சில் புள்ளி என்று நீங்கள் சொன்னீர்களா?

(சேகர் யோசிக்கிறார். சொல்லவில்லை. முகம் வெளுக்கிறது.)

சேகர்: சொல்லுங்கள், அத்தை. பாசார் பீசிக் போகலாம். இரண்டு கிலோ நண்டு.

பாக்கியம்: அங்கே எப்படி ஏலம் கேட்பார்கள் என்று சொன்னேனே, மறந்துவிட்டதா? காதைக் கொடுங்கள்.

(சேகர் குனிகிறார். பாக்கியம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு காதில் ஏதோ சொல்கிறார். காலின் நிறம் இல்லை, ஒரு தொகை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அச்சடித்திருந்த தொகை. எண்ணூறைவிட நிறையவே பெரியது.)

சேகர்: ஐந்து கிலோ, அத்தை.

பாக்கியம்: இறாலும்.