சூயஸ் திறப்பு விழா: அன்றைய வாய்க்காலின் அளவும் பார்க்க வேண்டும்

1869 நவம்பர் 17 அன்று சூயஸ் வாய்க்கால் திறப்பு விழாவில் கப்பல் ஊர்வலம் தடங்கலே இல்லாமல் போனதாக உங்கள் கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. முதல் நாள் இரவே லதீஃப் என்ற எகிப்தியப் போர்க்கப்பல் வாய்க்கால் கரையிலுள்ள கந்தாரா என்ற ஊர் அருகே தரைதட்டி வழியை மறித்துக்கொண்டது. எகிப்தின் ஆட்சியாளரான கெதிவ் இஸ்மாயிலே நேரில் போய் நின்றார். இழுத்து மிதக்க வைக்க முடியாவிட்டால் வெடிவைத்துத் தகர்ப்பது வரை பேசப்பட்டது. நல்லவேளை, பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியின் எய்கிள் கப்பல் வருவதற்குள் வழி கிடைத்தது.

காரணம் எளிது. அன்று வாய்க்காலின் ஆழம் 8 மீட்டர், அடித்தள அகலம் வெறும் 22 மீட்டர். மேலே 58 முதல் 100 மீட்டர் வரை தண்ணீர் தெரிந்தாலும் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் நீரோட்டம் வேகமாகி அழுத்தம் குறையும். பின்பகுதியைக் கரை இழுக்கும், முகப்பு எதிர்க்கரைக்குத் திரும்பும். வேகம் கூடக்கூட இழுப்பும் கூடும். 2021-ல் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் இதே வாய்க்காலில் சிக்கியபோதும் இந்த விளைவு பேசப்பட்டது.

அன்று எதிரும் புதிருமாக இரண்டு கப்பல்கள் கடக்க இடமில்லாததால், ஆங்காங்கே அகலப்படுத்திய ஒதுங்குமிடங்களில் ஒரு கப்பலைக் கட்டிக் காத்திருக்க வேண்டியிருந்தது. மின்விளக்கு பொருத்திய கப்பல்களுக்கு இரவுப் பயணம் பொதுவாக அனுமதிக்கப்பட்டது 1887-ல்தான்.

இன்னொன்று: கட்டுரையின் படத்தின் கீழ் 'மதகுகள்' (கப்பலை ஏற்றி இறக்க நீர்மட்டத்தை மாற்றும் கதவடைப்புகள்) என்று போட்டிருக்கிறீர்கள். சூயஸில் மதகே கிடையாது, அது இருப்பது பனாமா கால்வாயில்.