டிரம்புக்கு முன்பே விழுந்த விரிசல்

டிரம்ப் வந்துதான் அமெரிக்கா இரண்டுபட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை ஏற்க முடியவில்லை. 1984 அதிபர் தேர்தலில் ரீகன் 50 மாநிலங்களில் 49-ஐ அள்ளினார். 1988-க்குப் பிறகு எந்த அதிபரும் 400 தேர்வாளர் வாக்குகளை (மாநிலவாரியாகக் கிடைத்து, அதிபரைத் தீர்மானிப்பவை) தொட்டதில்லை. அதாவது ஒருவரே நாட்டை அள்ளும் காலம் டிரம்புக்கு முன்பே முடிந்துவிட்டது.

வானொலியும் தொலைக்காட்சியும் இரு தரப்பையும் சொல்லியாக வேண்டும் என்ற விதியை 1987-ல் கைவிட்டார்கள்; மறு வருடமே வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா நாடு முழுக்க ஒலிக்க ஆரம்பித்துவிட்டார். தொகுதி எல்லையையும் பல மாநிலங்களில் ஆளுங்கட்சியே தனக்குத் தோதாக வரைகிறது. அப்புறம் தொகுதி கைக்குள்தான்; வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் போதும். எதிர்க்கட்சியோடு சமரசம் பேசுபவருக்கு அங்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

'நாங்கள்தான் உண்மையான அமெரிக்கர்கள்' என்று இரு தரப்பும் சொல்கிறது. 2021 ஜனவரி 6-ல் டிரம்ப் ஆதரவாளர்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தைத் தாக்கியபோது, அதன் வாசலில் போலீஸ்காரரை அடித்ததே தேசியக் கொடி கட்டிய கம்பத்தால்தானே?