காதுக்குப் பஞ்சு கேட்டது குற்றமா?

முந்தநாள் நான் முகநூலில் போட்ட நாலு வரிக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற அந்தச் சின்ன விமானத்தில் ஏறுகிறவர்களுக்குக் காதில் வைக்க ஏதாவது கொடுங்கள் என்றேன். அவ்வளவுதான். உடனே ஒருவர், "பிளேனில் போகக் காசிருக்கு, பஞ்சு வாங்கக் காசில்லையா?" என்றார். அதற்கு எத்தனை சிரிப்பு! என்னோடு படித்த இரண்டு பேரும் சிரித்திருந்தார்கள். சரி.

அந்த விமானம் செஸ்னா கேரவன். அதில் ஏறாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒற்றை எஞ்சின், உள்ளே நாலரை அடி உயரம், கூனிக்கொண்டுதான் நடக்க வேண்டும். கழிப்பறை கிடையாது. விமானம் சின்னது, ஒரு மணித்தியாலப் பயணம், பொறுத்துக்கொள்ளலாம். இரைச்சலைத்தான் பொறுக்க முடியாது. முன்னால் இருக்கிற விமானி காதில் ஹெட்செட் போட்டிருப்பார், கவனித்தீர்களா? அவருக்கு மட்டும்தான் காதாக்கும்.

முழங்கால் ஆபரேஷனுக்கு அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். உதயதேவி ரயிலில் அவ்வளவு நேரம் காலை மடக்கி இருக்க அவரால் முடியாது. ஏறுமுன் அம்மாவை நிறுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி எடையைச் சொன்னார்கள். நிறுக்கத்தான் வேண்டும், சின்ன விமானத்தில் யார் எங்கே இருப்பது என்பதே எடையைப் பொறுத்தது. மெதுவாகச் சொன்னால் விமானம் எழும்பாதா?

இறக்கை மேலே இருப்பதால் வாவி முழுக்கத் தெரிந்தது. கல்லடிப் பாலத்தைக் காட்டிக் கத்தினேன். அம்மா என் வாயையே பார்த்தார். "ஒண்டும் கேக்குதில்ல மனே." உள்ளே காற்றழுத்தத்தைச் சரிசெய்யும் வசதி இல்லாத விமானம் அது. இறங்கும்போது காது அடைத்து, சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு டொபியைச் சப்பி எச்சிலை விழுங்கினாலே அடைப்பு கொஞ்சம் விடும். அதையும் ஒருவரும் சொல்லவில்லை.

"விசாரித்துவிட்டுப் போயிருக்கலாமே" என்கிறீர்கள். போயிருக்கலாம், என் பிழைதான். "டிக்கெட் விலை ஏறும்" என்பவருக்குப் பதில் சொல்ல மாட்டேன். பஞ்சுக்கா?

எரிச்சல் வந்தது இன்னொரு வரியைப் பார்த்துத்தான். "மட்டக்களப்புக்குப் பிளேன் வந்ததே பெரிய விஷயம்." 2018இல் பொதுமக்களுக்குத் திறந்த விமான நிலையம் இது. இன்னும் எத்தனை வருஷம் கைகட்டி நன்றி சொல்ல வேண்டும்? ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதே பதில்தான். வெளியூர்க்காரன் சொன்னால் போகட்டும் என்று விடலாம், எழுதியது நம்ம ஊர் ஆள்.

சிரித்த இரண்டு பேருக்கும் ஒன்று. அம்மா முகநூல் பார்க்கிறவர் இல்லை. நேற்றுக்கூட, "அவனுகள் ரெண்டு பேரும் ஏன் இப்ப வாறதில்ல?" என்று உங்களைத்தான் விசாரித்தார்.