கை வந்த வேலையும் மனசுக்குப் பிடித்த வேலையும்

பிஎச்டி முடிப்பவர்களும் போஸ்ட்டாக்கில் (பிஎச்டிக்குப் பிறகு ஒப்பந்தத்தில் செய்யும் ஆய்வு வேலை) இருப்பவர்களும் 'அடுத்து என்ன?' என்று யோசிக்க உட்காருவது, பெரும்பாலும் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதுதான். நானும் அப்படித்தான். கண்ணில் பட்ட வேலைக்கெல்லாம் ஒரே சிவியை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கூட வேலை பார்த்த தோழிதான் 'மைஐடிபி'யை நிரப்பிப் பார் என்றாள். அறிவியல் ஆய்வாளர்களுக்காக 2012இல் வந்த இணையக் கருவி அது. (இலக்கியம், வரலாறு, சமூக அறிவியல் படிப்பவர்களுக்கு 2017இல் வந்த 'இமேஜின்பிஎச்டி' இருக்கிறது.) நமக்கு என்ன வரும், எதைச் செய்யப் பிடிக்கும், வாழ்க்கையில் எது முக்கியம் என்று மூன்று பகுதி. ஒன்று முதல் ஐந்துவரை மதிப்பெண் போட்டுக்கொண்டே போனால், கடைசியில் எந்தெந்த வேலைப் பாதை ஒத்துவரும் என்று ஒரு பட்டியல் தரும்.

அந்தப் பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாம் போட்ட மதிப்பெண்ணைத்தானே கூட்டிக் கழித்து நமக்கே திருப்பித் தருகிறது? என்னை உலுக்கியது வேறு. திறன் பக்கத்தையும் விருப்பப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சோதனைகளைத் திட்டமிட்டுச் செய்வதில் எனக்கு நானே போட்டது 5. அதை இனியும் அடிக்கடி செய்ய ஆசையா என்ற இடத்தில் 2. ஏழு வருடமாக லேபில் என்னை எல்லோரும் பாராட்டியது அந்த ஒரு வேலைக்காகத்தான்! பாராட்டு கிடைத்ததால் பிடித்திருக்கிறது என்று நம்பிவிட்டேன். நன்றாக வருகிற வேலையையே நம் தலையில் மேலும் மேலும் கட்டுவார்கள், நாமும் அதில் இன்னும் தேறுவோம், அப்புறம் அதுதான் நம் அடையாளமாகிவிடும். கைடைக் குறை சொல்லவில்லை, அவருக்கு பேப்பர் வர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பார்த்தே இராத வேலைக்கு எப்படி விருப்ப மதிப்பெண் போடுவது? அறிவியல் எழுத்து, காப்புரிமை, ஆராய்ச்சி நிர்வாகம் எல்லாம் பெயரளவில்தான் எனக்குத் தெரியும். 'எழுதுவது' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 5 போட்டேன். பிறகு மருந்து ஆய்வு ஆவணங்கள் எழுதும் ஒருவரிடம் இருபது நிமிடம் பேசினேன். வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. "நேற்று காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். பாதி நாள் அட்டவணையில் இருக்கும் எண்ணும் வாக்கியத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்தாராம், மீதி நாள் கூட்டமாம். இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கலாம். 'உங்கள் வேலை எப்படி?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்ற பதில்தான் வரும்.

என்னைக் கேட்டால், இதை பிஎச்டி இரண்டாம் வருடத்திலேயே செய்துவிட வேண்டும். ஏதாவது ஒன்றைச் சின்ன அளவில் செய்து பார்க்க அப்போது அவகாசம் இருக்கும். எனக்கு அது இல்லை. இரண்டு சனிக்கிழமைகளில் நண்பர்களின் ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை மறுபடி நிரப்பினேன். 'எழுதுவது' 3க்கு இறங்கியிருந்தது. 'பிறர் எழுதியதைச் சீர்படுத்துவது' 5 ஆகியிருந்தது. இப்போது அனுப்பும் சிவியில் அதுதான் முதல் வரி.