தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, அது போதும்

எங்க பாப்பாவுக்கு செலியாக்னு ஒரு குடல் வியாதி, கோதுமை சேராது. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு ஹோட்டல்ல கேட்டும், கோதுமை இல்லன்னு சொல்லி ரவை கலந்த தோசைய குடுத்துட்டாங்க. அது உங்கள்ல நெறைய பேருக்கு தெரியும், அன்னிக்கே கோவத்துல நாலு வரி எழுதி போட்டுட்டேன். அதுல இருந்து போன் மேல போன். பாதி பேர் பாப்பா எப்படி இருக்கான்னு கேட்டாங்க, அவங்களுக்கு நன்றி, இப்ப பரவால்ல, நேத்துதான் ஸ்கூலுக்கு போனா. மீதி பேர் எனக்கு புத்தி சொன்னாங்க. சப்ளையர் பையன் பாவம், அவன் வேலைக்கு உலை வச்சிடாதன்னாங்க. ஹோட்டல்காரன் என்ன டாக்டரான்னாங்க. இவ்ளோ பிரச்சனை இருக்கற புள்ளைய ஏன் வெளிய கூட்டிட்டு போறன்னு சொந்தக்காரங்களே கேட்டாங்க. அதுக்குதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

நான் கேக்கறது ஒன்னே ஒன்னு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. எனக்கு தனியா சமையல் பண்ணுங்கன்னு நான் கேக்கல, தனி கல்லு, தனி கரண்டி எதுவும் கேக்கல. "மாவுல ரவை, மைதா, கோதுமை எதாவது கலக்கறீங்களா தம்பி, புள்ளைக்கு சேராது, ஆஸ்பத்திரி கேஸு"ன்னு தெளிவா கேட்டேன். அந்தப் பையன் உள்ள போயி யாரையும் கேக்கல, ஒரு நொடி கூட யோசிக்கல, "பியூர் அரிசி உளுந்துதான்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த டேபிளுக்கு போயிட்டான். தோசை வந்துச்சு. பாதி சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் நான் ஓரத்த பிச்சு பாக்கறேன், புள்ளி புள்ளியா ரவை. கூப்பிட்டு கேட்டா "லேசா போடுவோம்மா, முறுகலா வரணும்ல". கல்லாவுல இருந்தவரு அங்க இருந்தே குரல் குடுக்கறாரு, "அவ்ளோ பயம்னா வீட்லயே சாப்பிட வேண்டியதுதான".

பாப்பா காதுல அது விழுந்துச்சு. தட்ட தள்ளி வச்சிட்டு தலைய குனிஞ்சிக்கினா. ராத்திரி பூரா வாந்தியும் வயித்து வலியும் நாங்க பாத்துக்கிட்டோம், அது எங்களுக்கு பழகின விஷயம், ஆனா அந்த வார்த்தை அவளுக்கு பழகக்கூடாதுன்னு நெனைக்கறேன்.

செலியாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்றேன். கோதுமை (ரவை, மைதா எல்லாம் அதுல இருந்து வர்றதுதான்), பார்லி, ரை இந்த மூணு தானியத்துலயும் இருக்கற குளூட்டன்ற புரதம் உள்ள போனா, உடம்போட எதிர்ப்பு சக்தியே திரும்பி சிறுகுடலை தாக்கும். சாப்பாட்டு சத்த உறிஞ்சற இடமே தேஞ்சு போயிடும். மருந்து கெடையாது. ஆயுசு முழுக்க குளூட்டன் இல்லாம சாப்பிடறதுதான் வைத்தியம். எங்க புள்ளைக்கு வருஷக்கணக்கா ரத்தம் கம்மின்னு இரும்பு சத்து டானிக்கும் பூச்சி மாத்திரையும் குடுத்துக்கினே இருந்தாங்க, எட போடல, வளரல, கடைசில ஒரு டாக்டரம்மாதான் ரத்த டெஸ்ட் எழுதி, அப்புறம் எண்டோஸ்கோபில சதை எடுத்து பாத்து கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் புள்ள வளந்த வேகத்த பாத்த எங்களுக்குதான் தெரியும் இது ஃபேஷன் டயட் இல்லன்னு.

"லேசா"ன்னா ஒன்னும் ஆவாதுன்றாங்க. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து போனாலே குடல் கெடுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. ஒரு துண்டு பிரெட்டுல அத விட பல மடங்கு இருக்கு. பாக்கெட்டுல குளூட்டன் ஃப்ரீன்னு போடணும்னா ஒரு கிலோவுல 20 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம உணவு பாதுகாப்பு ஆணையமே வச்சிருக்கு. அப்ப அந்த "லேசா" எவ்ளோன்னு நீங்களே யோசிங்க.

"நம்ம ஊர் சாப்பாடே அரிசி, அப்புறம் என்ன பயம்"னு கேக்கறவங்க கட்டிப்பெருங்காயம் டப்பாவ ஒரு தடவ திருப்பி படிங்க. பாதி கம்பெனி டப்பாவுல கோதுமை மாவு இல்ல மைதா இருக்கும், பெருங்காயத்த அதுலதான் கலந்து விக்கறாங்க. சாம்பார், ரசம், சட்னி தாளிப்பு எல்லாத்துலயும் அது விழுது. சோயா சாஸ்ல கோதுமை இருக்கு. கோபி 65ல மைதா. உளுந்து வடை வெறும் உளுந்துதான், ஆனா மைதா போண்டா போட்ட அதே எண்ணெயில வேகுது. புரோட்டா போட்ட கல்லுலயே தோசை ஊத்தறாங்க. ஆம்பூர் பிரியாணி சீரக சம்பா, அதுல பயம் கம்மி, பக்கத்துல வைக்கற சிக்கன்லதான் வம்பு. எங்களுக்கு இதெல்லாம் மனப்பாடம், அதனாலதான் கேக்கறோம். கேக்கறதுக்கு பதில் வேணும், அவ்ளோதான்.

"வேலூர்ல எத்தன பேருக்கு இது இருக்கு, ஒருத்தருக்காக ஹோட்டல் மாறணுமா"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. உண்மைதான், தெற்குல கம்மிதான். 2016ல வந்த ஒரு ஆய்வுல வடக்குல 100ல ஒருத்தருக்கு மேல, தெற்குல 1000ல ஒருத்தர் மாதிரின்னு வந்துச்சு. ஆனா அண்ணா, நம்ம ஊர் எந்த ஊரு? சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல காந்தி ரோட்டுல, பாபு ராவ் தெருவுல போயி நில்லுங்க. வங்காளம், அஸ்ஸாம், ஜார்கண்ட்னு எங்கெங்க இருந்தோ ரயில் ஏறி காட்பாடில எறங்கி, மாசக்கணக்கா லாட்ஜுல தங்கி வைத்தியம் பாக்கறாங்க. வயித்து வியாதிக்குன்னே வர்றவங்க எவ்ளோ பேரு. நோயாளிங்கள வச்சு பொழைக்கற ஊர்ல, சாப்பாட்டுல என்ன இருக்குன்னு கேட்டா கோவம் வருதுன்னா அது எந்த ஊர் நியாயம்?

சப்ளையர் பாவம்ன்றதையும் ஒத்துக்கறேன். பன்னெண்டு மணி நேரம் நிக்கற புள்ள அது. அவன நான் திட்டவே இல்ல. ஆனா "தெரியலம்மா, மாஸ்டர கேட்டு சொல்றேன்"னு சொல்ல அவனுக்கு யாரும் கத்துக்குடுக்கல பாருங்க, அது முதலாளி தப்பு. 10 கிளையோ அதுக்கு மேலயோ வச்சிருக்கற ஹோட்டலுங்க மெனுவுலயே அலர்ஜி விவரம் தரணும்னு விதியே இருக்கு. சின்ன ஹோட்டலுக்கு அது இல்ல, சரி, வாய் இருக்குல்ல?

பாகாயம் போற வழியில ஒரு அக்கா இட்லி கடை வச்சிருக்காங்க, நாலு பெஞ்சுதான். முதல் தடவ போயி கேட்டப்ப அவங்க சொன்னது, "எனக்கு அதெல்லாம் தெரியாது கண்ணு, நீயே பாரு"ன்னு உள்ள போயி பெருங்காய டப்பாவ எடுத்துக்கினு வந்து என் கையில குடுத்தாங்க. மூடி மேல மஞ்சத்தூள் கறை, எழுத்து பாதி அழிஞ்சு இருந்துச்சு, வெளிச்சத்துல சாய்ச்சு வச்சு படிச்சேன். கோதுமை மாவு. "அப்ப சாம்பார் வேணாம், தாளிக்காத தேங்கா சட்னி தர்றேன்"னு தனி கிண்ணத்துல எடுத்து வச்சாங்க. படிப்பு இல்ல, ஏசி இல்ல, போர்டு கூட இல்ல. அவங்களால முடிஞ்சது அவ்ளோ பெரிய ஹோட்டல்ல ஏன் முடியல? எங்க புள்ள வேலூர்லயே தைரியமா சாப்பிடற இடம் அது ஒன்னுதான், அங்க போனா அவ மூஞ்சே வேற.

வீட்லயே சாப்பிடுன்னு சொல்றது சுலபம். வீட்லதான் சாப்பிடறோம். கல்யாணத்துக்கு டிபன் பாக்ஸ் எடுத்துக்கினு போறோம், பொறந்தநாள் கேக்க ஒதுக்கறோம், ஆற்காடு போனா மக்கன்பேடா கடை வாசல்லயே நிக்காம வந்துடறோம், அதுல மைதா இருக்குன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து அவ கேக்கறதே இல்ல. எங்க பெரியம்மா இன்னும் "ஒரு வாட்டி துன்னா இன்னா ஆவப்போவுது"ன்னு அவ தட்டுல சப்பாத்திய வைக்கப் பாக்கறாங்க, பாசத்துலதான், நான் கைய பிடிச்சு தடுத்தா நான் திமிரு புடிச்சவ. ஊரே உக்காந்து சாப்பிடும்போது ஒரு புள்ள மட்டும் தன் டப்பாவ மடியில வச்சிக்கினு சாப்பிடறத பாத்திருக்கீங்களா? வருஷத்துக்கு ஏதோ ஒரு நாள், எல்லாரோடவும் ஒரே டேபிள்ல ஒரு தோசை. அது பேராசையா?

ஹோட்டல் பேர போடுன்னு கேக்கறவங்களுக்கு, போட மாட்டேன். அந்த பையன் வேலைய காவு வாங்க நான் எழுதல. முதலாளிய நேர்ல பாத்து பேசறதா இருக்கோம், எங்க வீட்டுக்காரரும் கூட வர்றேன்னு சொல்லிருக்காரு.

உங்ககிட்ட ஒரு உதவி. காட்பாடில இருந்து ராணிப்பேட்டை வரைக்கும், கேட்டா மாவு டப்பாவ காட்டற கடை, இல்ல "தெரியலம்மா"ன்னு நேரா சொல்ற கடை உங்களுக்கு தெரிஞ்சிருந்தா எழுதுங்க. வீட்லயே சாப்பிடுன்னு சொல்ல வர்றவங்க தயவு பண்ணி வராதீங்க, என் பதிவ இப்ப பாப்பாவும் படிக்கறா.