பேரவைக்குப் பணம் கட்டினேன், கணக்கைத்தான் காணோம்

இந்த ஆண்டுக்கான கட்டணச் சீட்டிலும் அந்த ஒரு வரி தவறாமல் இடம்பெற்றிருக்கிறது: மாணவர் பேரவைக் கட்டணம். உறுப்பினராக விருப்பமா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கட்டாமல் விட்டால் தேர்வுக்கான நுழைவுச் சீட்டு கைக்கு வராது என்பதால் கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. இளநிலையில் மூன்று ஆண்டுகள், முதுநிலையில் இரண்டு ஆண்டுகள் என இதோடு ஐந்து முறை கட்டிவிட்டேன். தனி ஒருவருக்கு அது பெரிய தொகை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படிக்கும் அத்தனை பேரிடமும் ஒன்றுவிடாமல் பிடித்துச் சேர்க்கும் பணத்தைச் சில்லறை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அது எங்கே போகிறது என்று கேட்டதுதான் நான் செய்த குற்றம்.

சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று பேரவை அலுவலகத்துக்குப் போனேன். முதல் இரண்டு முறையும் கதவில் பூட்டுத் தொங்கியது. மூன்றாம் முறை போனபோது உள்ளே இருந்த பொருளாளர், செயலரைக் கேட்கச் சொன்னார், செயலர், தலைவரைக் கைகாட்டினார், தலைவரோ நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, மிகக் கனிவான குரலில், “உங்களை யார் அனுப்பினார்கள்?” என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை. நான் எந்த அணி, யாருக்கு வாக்களித்தேன், அடுத்த தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வந்தபோதுதான் விளங்கியது. பணம் கட்டிய உறுப்பினர் ஒருவர், உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்காகக் கணக்குக் கேட்கக்கூடும் என்ற எண்ணமே அந்த அறையில் யாருக்கும் இருக்கவில்லை. கேள்வி கேட்டால் எதிரணி, கேட்காவிட்டால் நம் ஆள். அவர்களுடைய அகராதியில் மூன்றாவது வகை மாணவர் கிடையாது.

கணக்கு வேண்டுமானால் பொதுக்குழுவுக்கு வாருங்கள் என்றார்கள். நியாயமான பதில் என்றே நினைத்தேன். பேரவையின் சட்டவிதிகளின்படி பொதுக்குழுதான் எல்லாவற்றுக்கும் மேலானது. ஆண்டறிக்கையும் கணக்கும் அங்கேதான் ஒப்புதல் பெற வேண்டும். பொதுக்குழுவுக்கான அறிவிப்பு, கூட்டத்துக்கு முதல் நாள் மாலை, வகுப்புகள் கலைந்த பிறகு, பேரவை அலுவலகத்தின் உட்சுவரில் ஒட்டப்பட்டது. கூட்ட நேரம் பிற்பகல் இரண்டு மணி. அறிவியல் துறைகள் அனைத்துக்கும் அது ஆய்வக நேரம். போய்ப் பார்த்தால், நானூறு பேர் அமரக்கூடிய அரங்கில் முப்பது பேர் இருந்தோம், அவர்களிலும் பாதிப்பேர் நிர்வாகிகள். போதிய எண்ணிக்கை இல்லாததால் கூட்டம் அரைமணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்கு ஆள்கணக்கு தேவையில்லை என்று ஒரு விதி இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வேண்டுமென்றே யாரும் முடக்கிவிடாமல் அமைப்பைக் காப்பதற்காக எழுதப்பட்ட விதி அது. இவர்களுடைய கையில், உறுப்பினர்கள் வராதபடி பார்த்துக்கொண்டு, வராதவர்களின் பெயரால் தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளும் விதியாக அது மாறியிருக்கிறது.

ஒத்திவைத்த கூட்டம் பதினொரு நிமிடத்தில் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஓராண்டுக் கணக்கு ஒரே தாளில், ஏழு வரிகளில் இருந்தது. அதையும் கையில் தரவில்லை, வாசித்தார்கள். விழா மேடை, ஒலி ஒளி, விருந்தினர் வரவேற்பு, நினைவுப் பரிசு ஆகியவற்றுக்குப் பிறகு வந்த ‘இதர செலவுகள்’ என்னும் வரி, முதலில் வந்த நான்கையும் கூட்டினால் வரும் தொகையைவிடப் பெரிதாக இருந்தது. அந்த இதரம் என்ன என்று எழுந்து கேட்டேன். நேரம் ஆகிவிட்டது, எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பாவது காட்டுங்கள் என்றேன். பதிவேடு முந்தைய செயலரிடம் இருக்கிறதாம். அவரோ படிப்பை முடித்து வெளியேறிவிட்டார். ஓர் அமைப்பின் நினைவு முழுவதும் ஒருவருடைய பையோடு சேர்ந்து ஊருக்குப் போய்விட்டது, அதைப் பற்றி அங்கே ஒருவருக்கும் கவலையில்லை.

பணத்துக்காக மட்டும் நான் குமுறவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி தேர்வு எழுதியிருந்தும், முடிவுப் பட்டியலில் ‘வரவில்லை’ என்று பதிவாகியிருந்தது. வருகைத் தாளில் அவளுடைய கையெழுத்து இருக்கிறது, அறைக் கண்காணிப்பாளரும் சாட்சி. பேரவை என்ற ஒன்று எதற்காக இருக்கிறதோ, அந்த வேலை இது. தனி மாணவர் ஒருவருக்குத் தேர்வுப் பிரிவின் வாசலில் கிடைக்காத மரியாதை, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரதிநிதிக்குக் கிடைக்கும் என்பதுதானே இந்த ஏற்பாட்டின் அடிப்படை? பேரவையினர் நால்வர் அவளை அழைத்துக்கொண்டு போய், தேர்வு அலுவலரிடம் மனுக் கொடுத்தார்கள். கொடுக்கும் காட்சியைப் படம் எடுத்து அன்று மாலையே எல்லாக் குழுக்களிலும் பகிர்ந்தார்கள். ஆனால் மனுவுக்குப் பெறுகைச் சீட்டு வாங்கவில்லை, பதிவு எண் கேட்கவில்லை, ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து அவள் தனியாகப் போய் விசாரித்தபோது, அப்படி ஒரு மனு வந்ததற்கான தடமே அந்த அலுவலகத்தில் இல்லை. படம் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பிறகு துறைத் தலைவர் ஒருவரே முன்வந்து எழுதிக் கொடுத்துத்தான் அவளுடைய மதிப்பெண் வந்தது.

இதெல்லாம் எங்கும் நடப்பதுதானே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1994-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, மாணவர் சங்கங்களின் நிதி அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறையாவது வெளியிடப்பட்டு எல்லா மாணவர்களும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. வெளி அமைப்புகளுக்கு நன்கொடை கொடுத்திருந்தால் அவற்றின் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டுச் சம்பளம் பெறும் சங்கப் பதவியில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. சங்கத்தில் சேர விரும்பாதவர் விலகி நிற்கலாம், அதற்காக அவருக்கு அநியாயமான இழப்பு எதுவும் நேரக் கூடாது. இந்தியாவில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் மாணவர் பேரவைத் தேர்தல்களை ஆராய்ந்த குழுவின் பரிந்துரைகளை, 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. அதன்படி வேட்பாளர் ஒருவர் செலவிடக்கூடிய உச்சவரம்பு 5,000 ரூபாய். முடிவு அறிவித்த இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த கணக்கை அவர் ஒப்படைக்க வேண்டும், நிர்வாகம் அதை இரண்டே நாட்களில் வெளியிட வேண்டும். பதவிக்கு வருவதற்காகச் செலவழித்த பணத்துக்கு இத்தனை கெடுபிடி இருக்கிறது. பதவிக்கு வந்த பிறகு ஓராண்டு முழுவதும் எங்கள் பணத்தைச் செலவழிப்பவரைக் கேட்கப் போனால், ‘யார் அனுப்பினார்கள்’ என்கிறார்.

இவ்வளவு கேட்டதும் சிலர், கட்டாயக் கட்டணத்தையே ஒழித்துவிட்டால் போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் யோசனை இது. ஆஸ்திரேலியாவில் அதைச் செய்தும் பார்த்தார்கள்: 2006 ஜூலை முதல் கட்டாயச் சங்கக் கட்டணம் தடை செய்யப்பட்டது. மாணவர் சங்கங்கள் நடத்திவந்த பல சேவைகள் அதனால் சுருங்கின, சில நின்றே போயின. 2011-இல் இன்னொரு சட்டம் இயற்றி, சேவைகளுக்கான கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். இந்த முறை அதை வசூலிப்பது பல்கலைக்கழகம். மாணவர் கையை விட்டுப் போன பிடி, போனபடி முழுதாகத் திரும்பி வருவதில்லை. எனக்கு வேண்டியது பேரவை இல்லாத வளாகம் அன்று. நான் பணம் கட்டும் பேரவை எனக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

நிர்வாகமும் இதில் ஒன்றும் அறியாத குழந்தை இல்லை. பேரவையின் வங்கிக் கணக்கில் பொறுப்புப் பேராசிரியரின் கையெழுத்து இல்லாமல் ஒரு காசு வெளியே போகாது. கேள்வி கேட்காத உறுப்பினர் பேரவைக்கு எவ்வளவு வசதியோ, விழா நடத்துவதோடு நிறைவடைந்துவிடும் பேரவை நிர்வாகத்துக்கும் அவ்வளவு வசதி. விடைத்தாள் மறுமதிப்பீடு ஏன் தாமதமாகிறது, நூலகம் ஏன் மாலையிலேயே மூடப்படுகிறது, ஆய்வாளர்களின் உதவித்தொகை ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது என்று கேட்கும் ஒரு பேரவையை விரும்புகிற பதிவாளரை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘எழுத்தில் கொடுங்கள்’ என்றார்கள் அல்லவா, கொடுத்தேன். ஒன்றல்ல, மூன்று கடிதங்கள். இதர செலவுகளின் விவரம், கடந்த இரண்டு ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்புகள், அடுத்த பொதுக்குழுவுக்குப் பத்து நாள் முன்னறிவிப்பு: இவ்வளவுதான் கேட்டிருந்தேன். மூன்றாம் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் ஒரு கையெழுத்துக் கேட்டேன். அங்கிருந்த இணைச்செயலர் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையே என்று உண்மையாகவே வியந்தார். பேரவையின் முத்திரை எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். ஒருவழியாகக் கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தார். தேதியை நானே எழுதிக்கொண்டேன்.