லெனி பிரிஸ்கோவுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டவருக்கு

நேற்று அந்தப் பதிவுக்குக் கீழே நடந்ததைப் படித்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. அமெரிக்க நடிகர் ஜெரி ஆர்பாக் படத்தைப் போட்டு, "மேடையை விட்டுவிட்டு டிவிக்குப் போய், சீரியல் போலீஸ்காரராகவே முடிந்துபோனவர்" என்று ஒரே வரியில் எழுதியாகிவிட்டது. நான் மறுத்து எழுதியதற்கு, "லெனி பிரிஸ்கோவா? அவருக்குப் பாடவும் தெரியுமா?" என்று ஒரு சிரிப்புப் பொம்மை. லெனி பிரிஸ்கோ என்பது 'லா அண்ட் ஆர்டர்' என்ற டிவி தொடரில் ஆர்பாக் கட்டிய துப்பறியும் போலீஸ்காரர் வேஷம். அதற்கு ஐம்பது பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறீர்கள். அந்த ஐம்பதில் நான் மதிக்கிறவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

பாடத் தெரியுமா? 1960 மே 3, நியூயார்க் சல்லிவன் ஸ்ட்ரீட் ப்ளேஹவுஸ். மொத்தம் 153 இருக்கைகள். வாத்தியம் என்றால் ஒரு பியானோ, ஒரு ஹார்ப் (யாழ் மாதிரி நரம்பு வாத்தியம்). அவ்வளவுதான். 'தி ஃபென்டாஸ்டிக்ஸ்' என்ற மியூசிக்கல், அதாவது பாட்டு நாடகம், அங்கே அரங்கேறிய நாளில் எல் கேயோ வேஷம் கட்டி, முதல் பாட்டைப் பாடிக் கதையைத் தொடங்கிவைத்தவர் ஆர்பாக். அப்போது அவருக்கு 24 வயது. அந்த நாடகம் 2002 ஜனவரி 13 வரை 17,162 காட்சிகள் ஓடியது. அந்தப் பாத்திரத்தில் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். முதல் குரல் இவருடையது.

சின்ன அரங்கம் என்றால் சுலபம் என்று நினைக்காதீர்கள். முன்வரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குரலைக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், குறைத்தால் ஹார்ப் சத்தத்தில் சொல் முழுகிவிடும். ஆங்கிலப் பாட்டில் எதுகை பெரும்பாலும் வரியின் கடைசியில் விழும். அந்தக் கடைசி மெய்யெழுத்து தெளிவாக விழாவிட்டால் எதுகை கேட்காது, எதுகை கேட்காவிட்டால் சிரிப்பு வராது. அதற்காக அந்த மெய்யை அழுத்தினால் சுருதி இறங்கும். பல வருஷம் தினமும் செய்தால்தான் இந்தக் கணக்கு உடம்பில் ஏறும். அவர் அதற்கும் முன்பே 'த்ரீபென்னி ஆப்பரா'வில் அண்டர்ஸ்டடியாகச் சேர்ந்து, ஒவ்வொரு வேஷமாகக் கட்டி, கதாநாயகன் மக்ஹீத் வரை வந்தவர். அண்டர்ஸ்டடி என்றால் அடுத்தவர் வசனம், பாட்டு, எந்த வரியில் எங்கே நிற்கவேண்டும் என்ற இடக்குறிப்பு எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அழைப்பு வருமா வராதா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் தயாராக இருப்பது. அப்படி வளர்ந்த மனிதரைத்தான் "பாடவும் தெரியுமா" என்கிறீர்கள்.

1961-இல் 'கார்னிவல்'. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்கங்கள் இருக்கும் பிராட்வேயில் அவருக்கு அதுதான் முதல் நாடகம், முதலிலேயே கதாநாயகன். கால் ஊனமான பொம்மலாட்டக்காரன். தன் வாயால் காதலைச் சொல்ல முடியாமல் பொம்மைகள் வழியாகப் பேசுகிறவன். கை பொம்மையை ஆட்டவேண்டும், வாய் பொம்மையின் குரலில் பேசவேண்டும், அடுத்த நொடி சொந்தக் குரலில் பாடவேண்டும். குரல் மாறும்போது தொண்டை இறுகும். இறுகிய தொண்டையோடு நீண்ட ஸ்வரத்துக்குப் போனால் குரல் உடையும். 14 வருஷம் கழித்து 1975-இல் 'சிகாகோ'வில் வக்கீல் பில்லி ஃப்ளின்னாக வந்தபோது இதே வித்தையைத் தலைகீழாகச் செய்தார். அங்கே கட்சிக்காரப் பெண்தான் பொம்மை. அவள் வாயசைக்க, பத்திரிகைக்காரர்களுக்கு வக்கீல் அவள் குரலில் பதில் சொல்லிப் பாடவேண்டும். பாட்டு போகப்போக வேகம் எடுக்கும். மூச்சு எங்கே எடுப்பது என்பதை ஒத்திகையிலேயே குறித்துவைக்காவிட்டால் நடுவில் ஒரு வரி போய்விடும். வாத்தியக் குழுவை நடத்தும் கண்டக்டர் காத்திருக்கமாட்டார்.

இரண்டுக்கும் நடுவில் 1968-இல் 'ப்ராமிசஸ், ப்ராமிசஸ்'. பர்ட் பக்கராக்கின் இசை. ஒரு வரி மூன்று எண்ணிக்கை, அடுத்தது நாலு, மறுபடி மூன்று என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். கால் தட்டிக்கொண்டு பாட முடியாது. சொல்லின் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகமுடியும். 1969-இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது அதற்காகத்தான் கிடைத்தது, சிறந்த மியூசிக்கல் நடிகர் என்று. இதைத் தேட ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைக்கூட அவருக்குக் கொடுக்காமல் "முடிந்துபோனவர்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் பக்க நியாயத்துக்கு வருகிறேன். "1980-இல் வந்த 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்'டுக்குப் பிறகு பிராட்வேயில் அவர் புது நாடகம் எதுவும் செய்யவில்லையே?" ஆமாம், செய்யவில்லை. அதை நான் மறைக்கவில்லை. அந்த நாடகம் தொடங்கியபோது அவருக்கு 45 நெருங்கிக்கொண்டிருந்தது. பிராட்வே என்றால் வாரம் எட்டுக் காட்சி. ஒரு நாள் விடுமுறை, இரண்டு நாள் பகலும் இரவுமாக இரட்டைக் காட்சி. ஜலதோஷம் வந்தாலும் அதே சுருதி. 'சிகாகோ'விலேயே கதாநாயகி க்வென் வெர்டனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, சில வாரங்கள் லைசா மினெல்லி வந்து அந்த இடத்தை நிரப்பினார். தொண்டையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட பயம் என்று யோசித்துப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய பாரிடோன் (கனமும் மென்மையும் நடுவான ஆண் குரல்) குரலுக்குப் புது மியூசிக்கல்களில் எத்தனை நாயக வேஷம் எழுதுகிறார்கள்? 1992-இல் 'லா அண்ட் ஆர்டர்' வேஷம் அவருக்கு வந்தது. நியூயார்க்கிலேயே படப்பிடிப்பு, சொந்த ஊர், சொந்த வீடு. காலையில் தொடங்கினால் எப்போது முடியும் என்று சொல்லமுடியாத வேலை. அதை முடித்துவிட்டு இரவு எட்டு மணிக்கு மேடையில் நிற்க எந்த மனித உடம்பாலும் முடியாது. வயிறு இருக்கிற மனிதன் மாதச் செலவையும் பார்க்கத்தான் செய்வான். இதில் என்ன குற்றம்?

எனக்கு வலிப்பது இன்னொன்று. டிவியில் அவர் செய்தது மேடை வேலையே. அந்தத் தொடரில் அவர் நடித்த எபிசோடுகளைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் காட்சியில் பிணம் கிடைக்கும், பிரிஸ்கோ வந்து குனிந்து பார்ப்பார், ஒரு வரி சொல்வார், உடனே டைட்டில் வந்துவிடும். மியூசிக்கல் ஆட்கள் இதைப் பட்டன் என்பார்கள். பாட்டின் கடைசியில் வாத்தியமும் விளக்கும் நடிகரும் ஒரே நொடியில் 'டக்' என்று நிறுத்தினால்தான் கைதட்டல் வரும். அந்த நிறுத்தம்தான் பட்டன். டிவியில் வாத்தியமும் இல்லை, கைதட்டலும் இல்லை. அந்த ஒரு வரியில் அவர் கடைசிச் சொல்லுக்கு முன்னால் அரை மூச்சு விடுகிறார், கடைசிச் சொல்லின் சுருதியை இறக்காமல் வைக்கிறார். இறக்கினால் வரி செத்துவிடும். கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் பிணத்துக்குப் பக்கத்தில் கோமாளித்தனம் ஆகிவிடும். பன்னிரண்டு வருஷம் அந்த எடை தவறவில்லை. 1999-இல் அவருக்கு ஜோடியாக வந்த ஜெஸ்ஸி எல். மார்ட்டின் யார்? 1996-இல் 'ரென்ட்' மியூசிக்கலின் முதல் நடிகர் குழுவில் இருந்தவர். நீங்கள் போலீஸ் ஜோடி என்று பார்த்துக்கொண்டிருந்தது இரண்டு பாடகர்களை. நடந்துகொண்டே பெயர், முகவரி, நேரம் என்று தகவலாகக் கொட்டும் வசனத்தில்கூட ஒரு சொல் நழுவாமல் கேட்கிறதே, ஏன் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

"டிவி முகம் என்பதால்தான் அவர் பெயரில் தியேட்டர் வைத்தார்கள்" என்று இன்னொருவர். 2007-இல் அந்தப் பெயர் வைக்கப்பட்டபோது அந்த அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது, மறுபடி மேடையேறிய 'தி ஃபென்டாஸ்டிக்ஸ்'. இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

1980 ஆகஸ்ட் 25-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' முதல் காட்சி, வின்டர் கார்டன் தியேட்டர். இயக்குநர் கோவர் சாம்பியன் அன்று காலையே இறந்துவிட்டார். தயாரிப்பாளர் டேவிட் மெரிக் அதை நடிகர்களுக்குச் சொல்லவில்லை. ஆடிப் பாடி முடித்து, கைதட்டல் அடங்காமல் திரும்பத் திரும்ப வணங்கிக்கொண்டிருந்தபோது மெரிக் மேடைக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். கூட ஆடிய இளம் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளிச்சத்தில் நின்று உடைந்துபோனார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் 'கார்னிவல்' இயக்கி, ஆர்பாக்கை முதன்முதலில் பிராட்வேயில் நிறுத்தியவர் அதே சாம்பியன்தான். அழுவதற்கு ஆர்பாக்குக்கும் உரிமை இருந்தது. இவர் பக்கவாட்டுக்குத் திரும்பித் திரையை இறக்கச் சொன்னார். திரை இறங்கியது.